எண்பது, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு

சத்திரத்திலிருந்து லால்குடி போகிற பஸ்ஸில் காலை நேரத்தில் வலப்பக்க ஜன்னலில் யாரும் விரும்பி உட்கார மாட்டார்கள், வெயில் கன்னத்தைப் பொசுக்கும், ஆனால் இளவழகன் அங்கேதான் உட்காருவான், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்குள் ஏசியில் விறைத்துக் கிடந்த உடம்புக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது, அதுவுமில்லாமல் எதிர்த்திசையில் திருச்சிக்குள் வருகிற ஏதோ ஒரு பஸ்ஸில் பொன்னி வருவாள், பெரும்பாலும் கொள்ளிடம் பாலத்தில்தான் இரண்டு பஸ்ஸும் உரசுகிற மாதிரி ஒன்றையொன்று கடக்கும், அவள் கை தெரியும், சில நாள் வளையல் மட்டும் தெரியும், ராத்திரி வேலைக்காரனுக்கும் பகலெல்லாம் ஜவுளிக்கடையில் நிற்கிறவளுக்கும் வாரத்தில் ஆறு நாள் குடித்தனம் என்பது அவ்வளவுதான். இன்றைக்கு இரண்டு பேருக்குமே நேரமாகிவிட்டது, தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் போனபிறகுதான் கிளம்புவேன் என்று பொன்னி காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள், இளவழகனுக்கோ பகல் ஷிப்டுக்கு வந்த ஃபர்சானாவிடம் புது புரோகிராமை ஒப்படைக்கவே ஒன்பதரை ஆகிவிட்டது, ஆகட்டும், ஒப்படைத்தது சாதாரண வேலையா, பத்து மணிக்கு அது தானாக ஓடும், வார்டுகளின் வைஃபையில் திருட்டுத்தனமாக ஒட்டிக்கொண்டிருக்கிற அத்தனை செல்போனையும் ஒரே இழுப்பில் வெளியே தள்ளும், நோயாளிகளோடு கட்டப்பட்ட மானிட்டர்கள், மருந்து ஏற்றும் பம்புகள் மாதிரி ஆஸ்பத்திரிக் கருவிகள் மட்டும் உள்ளே இருக்கும், மேலே இருப்பவர்கள் ஒரு மாதமாகக் கமிட்டி போட்டுப் பேசிக்கொண்டிருந்ததை அவன் மூன்று ராத்திரியில் எழுதி முடித்துவிட்டான், காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியது, கீழே மணல், மணலுக்கு நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவன் கால்களை நீட்டிக்கொண்டான், இன்றைக்குத் தூக்கம் நன்றாக வரும்.

யாரும் சொல்லிக்கொடுத்து வந்த வித்தையில்லை இது. லால்குடியில் எஸ்டிடி பூத் வைத்திருந்த காலத்தில் எண்ணைப் பார்த்தவுடனே ஊரைச் சொல்லுவான், கசங்கின சீட்டை நீட்டிக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள், எந்த ஊர் என்றே தெரியாது, சைபர் நாலு அஞ்சு ரெண்டு என்று தொடங்கினால் மதுரை, சைபர் நாலு நாலு என்றால் மெட்ராஸ், முன்னால் இருக்கிற எண் ஊர், பின்னால் இருக்கிற எண் வீடு, அவ்வளவுதான் சூட்சுமம், பிறகு பூத் போய் பிரவுசிங் சென்டர் வந்து அதுவும் போய் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இங்கேயும் அதே சூட்சுமம்தான் இருந்தது, ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே ஒரு விலாசம், ஆறு எண்கள், முதல் மூன்று எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்லும், அடுத்த மூன்று அந்தக் கம்பெனிக்கு அது எத்தனையாவது பிள்ளை என்று சொல்லும். வைஃபை பெட்டி அந்த எண்களை நம்மைப் போலப் பத்தில் எண்ணிக் கொடுக்கும், கம்பெனிப் பட்டியலோ பதினாறில் எண்ணும், ஒன்பதுக்குப் பிறகு ஏ, பி என்று எஃப் வரைக்கும் போய்த்தான் அடுத்த இடத்துக்கு நகரும், இதை அதுவாக மாற்றித் தேடவேண்டும், அதற்கு அவனுக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம், நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, நுனியோடு சேர்த்து நான்கு, ஆகப் பதினாறு, கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனால் போதும், பார்க்கிறவர்கள் ஏதோ ஜபம் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். செல்போன்தான் இந்தக் கணக்கில் சேராத பிறவி. அது தன் சொந்த விலாசத்தை யாரிடமும் சொல்லாது, போகிற இடத்துக்கெல்லாம் ஒரு பெயர் வைத்துக்கொள்ளும், கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஆஸ்பத்திரியில் ஒன்று, ஆனாலும் பொய்ப்பெயர் வைப்பதற்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், பதினாறில் எழுதினால் ஒவ்வொரு எண்ணும் ஒரு ஜோடி, முதல் ஜோடியில் இரண்டாவது இடத்தில் ரெண்டோ ஆறோ ஏயோ ஈயோ இருந்தால் அது கம்பெனி கொடுத்ததல்ல, தானே சூட்டிக்கொண்டது என்று அர்த்தம், அந்த ஒழுங்குதான் இளவழகன் கையில் சிக்கிய குடுமி, தானே பெயர் சூட்டிக்கொண்டதா, பட்டியலில் தேடவே வேண்டாம், செல்போன், தூக்கி வெளியே போடு. ஒரே வரி. ஃபர்சானா படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரே வரில மொத்த ஆஸ்பத்திரியோட சாபத்தையும் வாங்கப்போறீங்க" என்றாள். எவன் வந்து கெஞ்சினாலும் ஒருத்தரையும் உள்ளே சேர்க்காதே, நானே கேட்டாலும் சேர்க்காதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

எண்பது, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு, எழுபத்தெட்டு. அது எங்கிருந்து வந்தது. திருவானைக்காவல் தாண்டும்போது கண் செருகியிருக்க வேண்டும், கண்டக்டர் யாரையோ "படிய விட்டு மேல ஏறு தம்பி, படில என்ன புதையலா இருக்கு" என்று அதட்டிய சத்தத்தில் விழித்தான், விழிப்பதற்கு முன்னால் மாடிப்படி இறங்குகிற மாதிரி ஒரு கனவு, எண்பது, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு, அடுத்த படிக்குக் காலை வைத்தால் மறுபடியும் எழுபத்தெட்டு, கால் தடுக்கியது. விடியற்காலையில் திரையில் ஓடிய வரிகளில் ஒன்று, தள்ளப்படவேண்டியவற்றில் ஒன்று, முதல் எண் இரண்டு, பிறகு எண்பதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி ஒரு இடத்தில் தடுக்கி விழுந்த விலாசம், பார்த்தபோதே ஒரு நொடி விரல் நின்றது, பிறகு நகர்ந்துவிட்டது, யாரோ ஒரு நர்ஸின் போன், யாரோ ஒரு மாமியாரின் போன், செல்போன் சீட்டுக் குலுக்குகிற மாதிரி எண்களைக் குலுக்கிப் போடுகிறது, குலுக்கலில் சில சமயம் வரிசையாக வரும், அதற்கென்ன. அதற்கென்ன என்று சொல்லிக்கொண்ட பிறகும் அது போகவில்லை. பல்லிடுக்கில் நார் மாட்டிய மாதிரி நாக்கு அங்கேயே போனது. ஜன்னல் கம்பி சுட்டது, கையை எடுத்து மறுபடி வைத்தான், பொன்னியிடமிருந்து போன். "எங்க இருக்கீங்க?" "திருவானக்கோவில் தாண்டியாச்சு. மோட்டாரு?" "ஓடுது. ஓடுதா இருமுதான்னு தெரியல, தண்ணி வருது. நான் டோல்கேட் வந்துட்டேன், பாலத்துல பெரிய ஜாமாம், லாரி நின்னுருச்சாம். கடைல இன்னைக்கு அர்ச்சனைதான் எனக்கு. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சட்னிய ஃபிரிட்ஜ்ல வச்சுருக்கேன், எடுத்துட்டு ஃபிரிட்ஜ் கதவ ஒழுங்கா மூடுங்க, போன வாரம் மாதிரி பண்ணாதீங்க." ஃபிரிட்ஜ் கதவு என்று அவள் சொன்ன இடத்தில் மறுபடியும் அந்தப் படி தடுக்கியது, அவள் போனை வைத்த பிறகும் அவன் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

ஃபிரிட்ஜெல்லாம் பார்த்தாயிற்றே. விடவேண்டிய கருவிகளில் ஃபிரிட்ஜும் உண்டு, அவனே பார்த்து அவனே டிக் அடித்தான், குறைமாதக் குழந்தைகளின் வார்டில் தாய்ப்பால் வைக்கிற ஃபிரிட்ஜுக்குள் சூட்டை அளந்து வைஃபையில் சொல்கிற சின்ன சர்க்யூட் பலகை, தீப்பெட்டி அளவுதான், அவன் கையால் செய்தது, கம்பெனிக்காரன் பெங்களூரிலிருந்து ஆள் வர மூன்று மாதமாகும் என்றதும் நானே பண்ணித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுச் செய்தது, உள்ளே சூடு ஏறினால் வார்டு மேசையில் கத்தும், ரெஜினா சிஸ்டர் ஓடிவந்து பார்ப்பாள், "அண்ணா, உங்க டப்பா என் மாமியார மிஞ்சிருச்சு, கதவ ஒரு செகண்டு தொறக்க விடமாட்டேங்குது" என்பாள். கத்தவேண்டிய காரணமும் உண்டு, அந்த ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர் ஒரு முரட்டுப் பயல், கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தால் தானாகத் திரும்ப எழுந்திருக்காது, யாராவது போய்ப் பட்டனை அமுக்கவேண்டும், இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, அந்தப் பக்கம் முழுக்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது, இரண்டு ஜெனரேட்டர் மாறி மாறி ஓடும். அதனால் என்ன, ஃபிரிட்ஜுக்கு டிக் அடித்தாயிற்று. எந்த ஃபிரிட்ஜுக்கு. கொள்ளிடம் பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது, முன்னால் வண்டிகளின் முதுகு, இரண்டு ஃபிரிட்ஜ் அல்லவா இருக்கிறது, ஒன்று பால், ஒன்று ஊசிமருந்து, இரண்டு பலகை, ஒரே கடையில் ஒரே கையில் வாங்கிய மலிவுச் சரக்கு, மாட்டியவுடன் ஒன்று இருந்தால் இன்னொன்று காணாமல் போயிற்று, இன்னொன்று வந்தால் முதலாவது போயிற்று, இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான், பிறகுதான் தெரிந்தது இரண்டுக்கும் கம்பெனிக்காரன் ஒரே விலாசத்தை அடித்துவிட்டிருக்கிறான், ஒரே பெயருள்ள இரண்டு பிள்ளைகள், கூப்பிட்டால் யார் வருவது. அதனால் பால் ஃபிரிட்ஜின் பலகைக்கு அவனே புதுப் பெயர் வைத்தான். ஒழுங்குப்படி வைத்தான், தானே சூட்டுகிற பெயர் என்றால் இரண்டில்தான் தொடங்கவேண்டும் என்று படித்து வைத்திருந்ததால் இரண்டில் தொடங்கினான், மற்ற ஐந்தையும் தன் இஷ்டத்துக்கு. இஷ்டத்துக்கு என்ன எழுதினான். கட்டைவிரல் தானாகக் கணுவில் ஓடத் தொடங்கியது, எண்பது, ஐந்து பதினாறு, மிச்சம் சைபர், எழுபத்தொன்பது, நாலு பதினாறு, மிச்சம் பதினைந்து, எழுபத்தெட்டு, நாலு பதினாறு, மிச்சம் பதினாலு, மறுபடியும் பதினாலு, எழுபத்துமூன்று, மிச்சம் ஒன்பது, கம்ப்யூட்டர் எழுத்துகளுக்கு வைத்திருக்கிற எண்ணில் நாலுக்குப் பின்னால் வருவது இங்கிலீஷ் எழுத்தின் வரிசை, பதினைந்தாவது ஓ, பதினாலாவது என், இன்னொரு என், ஒன்பதாவது ஐ, நாலு எஃபைத் தாண்டினால் ஐந்து சைபர், அது பதினாறாவது பி, சேர்த்துப் படித்தால் பி, ஓ, என், என், ஐ. பொன்னி.

பின்னால் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள், டிக் விழுந்தது ஊசிமருந்துப் பலகைக்கு, தள்ளப்படுவது பால் பலகை. எப்படி மறந்தான். மறக்கவில்லை, அதுதான் வேடிக்கை, அந்தப் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பொன்னியிடமே சொன்னதில்லை, அவர்களுக்குக் குழந்தை இல்லை, அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி ஓய்ந்து ரொம்ப நாளாயிற்று, குழந்தைகள் வார்டில் ஒரு டப்பாவுக்கு உன் பெயரை வைத்திருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது, சொன்னால் சிரிப்பாளா, பேசாமல் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவாளா, அதனால் சொல்லாமல் விட்டது அவனுக்குள்ளேயே எங்கோ கீழ்த்தட்டில் போய்ப் படுத்துக்கொண்டது, ஒழுங்கைப் படித்தவனும் அவன்தான், அந்த ஒழுங்குப்படி பெயர் வைத்தவனும் அவன்தான், அதே ஒழுங்கை வைத்துத் தூக்கி வெளியே போடு என்று எழுதியவனும் அவன்தான், வேறு எந்த மடையனுக்கும் இந்தத் தப்பு வாய்க்காது. இதில் இன்னும் ஒன்று இருந்தது, பலகையிடமிருந்து தகவல் வராவிட்டால் வார்டு மேசையில் இருக்கிற திரை கத்தாது, கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், நாலு டிகிரி, நாலு டிகிரி, சாயங்காலம் வரைக்கும் நாலு டிகிரி, உள்ளே பால் திரிந்துபோனாலும் நாலு டிகிரி, உள்ளங்கையளவு குழந்தைகள், மூக்கில் குழாய் வழியாக ஒரு ஸ்பூன் பாலுக்குக் காத்திருக்கிறவை. ஃபர்சானா போனை எடுக்க ஒரு யுகமாயிற்று. "அண்ணே, இன்னும் தூங்கலையா நீங்க? ஓடிருச்சுண்ணே, பத்துக்கு டாண்ணு ஓடிருச்சு. ஊரே கத்துது வாட்ஸப் வரலன்னு. டாக்டர் ஒருத்தரு என்னைய முறைச்சுட்டுப் போறாரு பாருங்க, நான் என்னமோ அவரு சொத்த எழுதி வாங்குன மாதிரி." "ஃபர்சானா, கேளு. குழந்தைங்க வார்டுக்குப் போன் போடு. ரெஜினா சிஸ்டர பால் ஃபிரிட்ஜத் தொறந்து பாக்கச் சொல்லு. திரையப் பாக்கச் சொல்லாத, அது பொய் சொல்லும். உள்ள ஒரு தெர்மாமீட்டர் தொங்கும், அதப் பாக்கச் சொல்லு. ஸ்டெபிலைசர்ல பச்ச லைட் இல்லன்னா பட்டன அமுக்கச் சொல்லு. மொதல்ல அது. அப்புறம் ஒரு விலாசத்த உள்ள சேக்கணும்." "நீங்கதானேண்ணே சொன்னீங்க, நானே கேட்டாலும் சேக்காதன்னு?" "நான் கேக்கல. பால் கேக்குது." அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது, இன்னொரு போனில் அவள் குரல் வேகவேகமாக யாருக்கோ சொல்வது கேட்டது, பிறகு, "சிஸ்டர் போறாங்க. சொல்லுங்க, எழுதிக்கிறேன்." கையில் சீட்டில்லை, திரையில்லை, ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, "சைபர் ரெண்டு. அஞ்சு சைபர். நாலு எஃப். நாலு ஈ. நாலு ஈ. நாலு ஒம்பது." "நாலு ஈ ரெண்டு தடவையா?" "ரெண்டு தடவ. தடுக்கும், பாத்து அடி." பக்கத்து சீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்தான். போனைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு, வண்டிகள் நகராத பாலத்தில், கீழே கொள்ளிடத்து மணலைப் பார்த்தால் கண் கூசியது, ஒரு நாய் மணலைக் குறுக்கே கடந்து எங்கோ போய்க்கொண்டிருந்தது, அதற்கு என்ன அவசரம், வாட்ச்சைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்தான், கரண்ட் ஒன்பதுக்குப் போயிருந்தால், ஜெனரேட்டர் உடனே வந்திருந்தால், பத்துக்கு முன்னால் ஸ்டெபிலைசர் விழுந்திருந்தால் பலகை அப்போதே கத்தியிருக்கும், அமுக்கியிருப்பார்கள், பத்துக்குப் பிறகு இன்னொரு தடவை மாறியிருந்தால்தான், மாறியிருக்காது, மாறியிருக்கலாம், மாறியிருந்தாலும் கதவு மூடியிருந்தால் ஒரு மணி நேரம் தாங்கும், கணக்குச் சரியாகத்தான் வந்தது, எந்தப் பக்கமிருந்து போட்டாலும் தாங்கும் என்றுதான் வந்தது, இருந்தாலும் கட்டைவிரல் கணுவைவிட்டு இறங்கவில்லை. கணக்கில் அவனுக்கு ஒருநாளும் பயமிருந்ததில்லை, பயம் கணக்குக்கு வெளியே இருப்பதில்தான், எதைத் தள்ளுகிறோம் என்று தெரியாமலே தள்ளிவிடுகிற கையில்தான். "அண்ணே." "சொல்லு." "சிஸ்டர் உங்களத் தேடுறாங்க, அடிக்கவா கொஞ்சவான்னு தெரியல. ஸ்டெபிலைசர் இப்பதான் விழுந்துருக்கு, சில்லுனுதான் இருக்காம், தெர்மாமீட்டர்ல அஞ்சு. பட்டன அமுக்கியாச்சு. பாலுக்கு ஒண்ணும் ஆகல." கட்டைவிரல் கணுவைவிட்டு இறங்கியது. "உங்க டப்பாவும் உள்ள வந்துருச்சுண்ணே. வந்த வேகத்துல கத்துது, கதவத் தொறந்துட்டாங்கன்னு." "கத்தட்டும்," என்றான். "சாயங்காலம் நான் வந்து அந்தத் திரையத் திருத்துறேன். தகவல் வரலன்னா எண்ணக் காட்டக் கூடாது அது. கோடு போட்டுட்டு நிக்கணும். அதுவரைக்கும் அரை மணிக்கு ஒருதடவ யாராவது தொறந்து பாக்கணும்னு சிஸ்டர்ட்ட சொல்லு." திருத்துகிற விதம் அதற்குள் தலையில் வந்துவிட்டது, அதற்கும் ஒரே வரிதான், இன்னொரு வரி கையால் பெயர் வைத்தவற்றுக்கு, வந்துவிட்டது, அவ்வளவுதான், கையிலிருந்து எதுவும் போய்விடவில்லை.

எதிர்வரிசையில் ஒரு பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்து அவன் ஜன்னலுக்கு நேரே நின்றது. எப்போதும் கண்ணிமைக்கிற நேரத்தில் பறந்துபோகிற அந்தப் பஸ் இன்றைக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி நின்றுகொண்டிருந்தது, கை நீட்டினால் தொடலாம், மூன்றாவது கம்பிக்குப் பின்னால் பொன்னி, தலையில் மல்லிகை, முகத்தில் பவுடரை மீறிய வேர்வை, அவனைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரமாக இருந்தவள் போல. "யார்கிட்ட அவ்ளோ நேரம் பேச்சு? ரெண்டு தடவ கூப்ட்டேன், பிஸி பிஸின்னு வருது." அவள் பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உன்னைப் பத்தித்தான்," என்றான். "என்னைப் பத்தி என்னவாம்?" "பத்து மணிக்கு உன்ன வெளிய தள்ளிட்டேன். இப்பதான் திரும்ப உள்ள சேத்தேன்." "யாரு, நீங்களா? என்னையவா?" என்று பொன்னி சிரித்தாள், பக்கத்தில் நின்ற பெண்ணும் சிரித்தாள், செய்தித்தாள்காரர்கூடச் சிரித்தார். "எங்கேருந்து தள்ளுனீங்க?" முன்னால் லாரி கிளம்பிவிட்டது போல, எங்கோ தூரத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று அந்தச் சத்தம் பாலத்தின் மேல் நகர்ந்து வந்தது, இப்போது சொல்லவேண்டும், இல்லையென்றால் இன்னும் பல வருஷம். "ஆஸ்பத்திரிலேருந்து. குழந்தைங்க வார்டுல ஒரு டப்பாவுக்கு உன் பேரு வச்சிருக்கேன், நான் செஞ்ச டப்பா. வச்சு ரொம்ப நாளாச்சு." அவள் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குள்ளிருந்து ஆள் எங்கோ போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. "அங்க நான் என்ன பண்றேன்?" அவள் பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. "பாலக் காக்குற," என்று அவன் கத்தினான், "யாராவது கதவ ஒழுங்கா மூடலன்னா கத்துற." பஸ் நகர்ந்துவிட்டது. அவள் என்னவோ சொன்னாள், சத்தத்தில் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக அவன் எட்டிப் பார்த்தான், கம்பிக்கு வெளியே அவள் கை, எப்போதும் போல ஆட்டவில்லை, சும்மா நீட்டியபடியே இருந்தது, மழை வருகிறதா என்று பார்க்க நீட்டுகிற கை மாதிரி, பாலம் முடிகிற வரைக்கும் அந்தக் கை உள்ளே போகவில்லை.